சிங்கப்பூர் மாமனும் மாவு மில்லும்

கம்ப்யூட்டர் திரையின் நெற்றியில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தாகிவிட்டது. திரைக்கு முன்னால் தாம்பூலத் தட்டு. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், வாழைப்பழம். பழச் சீப்பு கொஞ்சம் பெரியது. மவுஸ் அதற்கு அடியில் எங்கோ போய்விட்டது.

பெண் வீட்டு அம்மாள் ஒருவர் கதம்ப மாலையை எடுத்துத் திரைக்குச் சாத்தப் போனார். கடைக்காரர் பஷீர் பாய் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தார்.

"அம்மா, மாலை வோணாம்மா! ஆளு உயிரோட கீறாரு. சிங்கப்பூர்ல நல்லா கீறாரு. மாலை போட்டா பார்க்கறவன் இன்னா நெனைப்பான்?"

மாலை திரும்பிப் பைக்குள் போயிற்று. திரைக்கு எதிரே போட்டிருந்த நாற்காலியில் மட்டும் யாரும் உட்காரவில்லை. அது தாய்மாமன் துரைக்கு ஒதுக்கிய இடம். துரையோ அந்த நேரத்தில் சிங்கப்பூரில், தன் கப்பல் பட்டறை வேலை முடிந்து, அங்கே ஒரு இன்டர்நெட் கடையில் உட்கார்ந்திருந்தார். வரப்போவது அவர் முகம்கூட இல்லை. குரல் மட்டும்தான்.

தேதியில் ஒரு தகராறு

இது நடந்தது ஆவணி மாதம் என்பது என் தீர்மானம். பஷீர் பாய் ஆடி என்கிறார். "ஆடி மாசத்துல தட்டு மாத்துவாங்களா பாய்?" என்று கேட்டால், "அதெல்லாம் உங்க கணக்கு. அன்னைக்கு மழை பேஞ்சுது, எனக்கு அதான் ஞாபகம்" என்கிறார். ஆவணியிலும் மழை பெய்யும் என்பதை அவர் ஏற்பதாக இல்லை.

வருடத்தைப் பற்றிச் சந்தேகமில்லை. கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் பேசிக்கொள்ளலாம் என்று 2002-ல் அரசாங்கம் அனுமதித்த பிறகுதான். அதற்கு முன்பே பாய் கடையில் அது நடந்துகொண்டிருந்ததா என்று வாசகர்கள் கேட்க வேண்டாம். பாய் இப்போதும் கடை வைத்திருக்கிறார்.

அந்தக் கடை திருப்போரூரில், பேருந்து நிலையத்திலிருந்து கோயிலுக்குப் போகிற தெருவில் இருந்தது. ஒரே அறை, நான்கு கம்ப்யூட்டர்கள். சுவரை ஒட்டிப் பக்கத்தில் மாவு மில். மில் ஓடும்போது திரையில் உள்ள எழுத்துகளும் சேர்ந்து நடுங்குவதாக எனக்குத் தோன்றும்.

நான் அப்போது அணுசக்தி நிலைய ஊழியர்களின் குடியிருப்பான அணுபுரத்தில் இருந்தேன். மனைவியின் ஊர் திருப்போரூர் என்பதால் சனிக்கிழமைகளில் வருவேன். அணுபுரத்தில் குடியிருக்கிற எல்லோரும் விஞ்ஞானிகள் என்பது சுற்று வட்டாரத்தின் நம்பிக்கை. நான் ஸ்டோர்ஸில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன். சொன்னால் அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். அன்றைக்கும் அப்படித்தான், "அணுபுரம் சார் வந்துட்டாரு, இனிமே கவலை இல்ல" என்று பாய் என்னை உள்ளே இழுத்துப் போட்டார்.

மாமன் சொல்லாமல் தட்டு நகராது

பெண் செல்வி. செங்கல்பட்டில் நர்ஸ் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஒரு வருடம் பாக்கி. அவளுடைய அப்பா ஏழுமலை நெல்லோடு பிளாட்டும் விற்கிறவர். அம்மா கஸ்தூரி, கல்யாணம் கூடிவர வேண்டும் என்று மகளைத் திருவிடந்தைப் பெருமாளிடம் அழைத்துப் போய் மாலை போட்டுச் சுற்றிவரச் செய்தவர். மாலை வாங்கிவந்த ஊரிலேயே மாப்பிள்ளையும் அமைந்ததில் கஸ்தூரிக்கு ஏகப் பெருமை.

மாப்பிள்ளை முரளி சுற்றுலா வேன் ஓட்டுகிறவன். மாமல்லபுரம் போகிறவர்களை ஏற்றி இறக்குவான். வாய் திறந்து பேசியதை நான் அதுவரை பார்த்ததில்லை. அவனுக்கும் சேர்த்து அவனுடைய அப்பா தணிகாசலம் பேசிவிடுவார். செல்விக்குப் பையனைப் பிடித்திருந்தது. ஒரே ஒரு சிக்கல். "கல்யாணத்துக்கப்புறம் படிப்பு இன்னாத்துக்கு?" என்று தணிகாசலம் சொல்லிவிட்டார். கல்யாணம் தை மாதத்தில் என்றும் அவரே முடிவு செய்துவிட்டார். ஏழுமலைக்கு எதிர்த்துப் பேச வாய் வரவில்லை.

செல்விக்கு மிச்சமிருந்த நம்பிக்கை மாமன் ஒருவர்தான். அவளைக் கல்லூரியில் சேர்க்கச் சொன்னவரே அவர். அவர் சரி என்று சொல்லாமல் தட்டு மாற்றுவது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. ஆனால் மூத்த பெண்ணின் கல்யாணத்தில் தனக்கு முதல் மரியாதை கிடைக்கவில்லை என்று துரை அப்போது கோபத்தில் இருந்தார். எப்படிப் பேசுவார் என்று யாருக்கும் தெரியாது.

போனில் கேட்டால் போதாதா என்று நான் கேட்டேன். தணிகாசலம் தலையாட்டினார்.

"போன்ல ஒருத்தர் காதுலதான சார் வுழும்? அப்பால நான் அப்டி சொல்லல, இப்டி சொல்லலன்னு பேஜாரு ஆவும். சபையில எல்லாரும் கேக்கணும்."

"அப்படின்னா அவர் டைப் அடிச்சு அனுப்பலாம். எல்லாரும் படிக்கலாம்" என்றேன்.

"எழுத்து எதுக்கு சார்? பத்திரமா பதியப் போறோம்? வாயால சொல்லட்டும்."

ஆகவே இரண்டு குடும்பமும் வேனில் ஏறி, பாய் கடைக்கு வந்துவிட்டது.

ஒரு வண்டிக்குத்தான் இடம்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இணையத்தின் வழியாகப் பேசுகிற மென்பொருள் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது தொண்ணூறுகளின் நடுவில். அன்றைய கம்ப்யூட்டர்களில் இருந்த ஒலி அட்டைகள் பலவற்றுக்கும் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் தெரியும். ஒன்று, நம் குரலை வாங்கும். அல்லது, எதிராளி குரலைக் கொடுக்கும். இரண்டும் சேர்ந்து முடியாது. திருப்போரூரில் தேர் நிற்கிற நாளில் சந்நிதித் தெருவில் போயிருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இந்தப் பக்கத்து வண்டி நுழைந்துவிட்டால் அந்தப் பக்கத்து வண்டி காத்திருக்க வேண்டியதுதான்.

பாய் வைத்திருந்த மென்பொருளும் அந்தச் சாதி. மைக்கில் ஏதாவது சத்தம் விழுந்தால் திரையில் ஒரு சிவப்புப் பட்டை எழும். அது எழுந்திருக்கும்வரை நம் குரல் போகும், அவர்கள் குரல் வராது. சத்தம் அடங்கினால் பட்டை படுத்துவிடும். அப்போதுதான் எதிராளி குரல் உள்ளே வரும். போதாததற்கு, சொன்னது போய்ச் சேரவே சில நொடிகள் ஆகும்.

என் தகப்பனார் காலத்து டிரங்க் காலில் வேறு விதமான கஷ்டம். கத்த வேண்டும். அவர் தபாலாபீசில் நின்று மதுரையில் உள்ள தம்பியிடம் பேசினால் தெருவில் போகிறவர்கள் நின்று பதில் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தத் தலைமுறைக்குத் தூரத்தில் இருப்பவனிடம் பேசுவது என்றால் தொண்டையைத் திறப்பது என்று பழகிவிட்டது. இந்த மென்பொருளோ வாயை மூடச் சொன்னது.

இன்று என் பேத்தி கைபேசியில் ஏழெட்டு முகங்களை வரிசையாக வைத்துக்கொண்டு பேசுகிறாள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். எல்லாம் எல்லோருக்கும் கேட்கிறது. யாரும் யார் பேசுவதையும் கவனிப்பதாகத் தெரியவில்லை, அது வேறு விஷயம்.

சபை சும்மா இருக்கக் கூடாது

திரையில் துரையின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி விழுந்தது. "வந்துட்டாரு!" என்றார் பாய்.

"தம்பீ! நல்லா கீறியா? சாப்ட்டியா? இளைச்சிட்டியா?" என்று கஸ்தூரி மூச்சு விடாமல் ஆரம்பித்தார்.

பதில் இல்லை. சிவப்புப் பட்டை மட்டும் துள்ளிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் கொஞ்சம் பேசாம இருக்கணும். நாம பேசாம இருந்தாத்தான் அவர் பேச முடியும்" என்றேன்.

தணிகாசலத்துக்கு அது பிடிக்கவில்லை. "இன்னா சார் சொல்றீங்க? தட்டு மாத்த வந்த எடத்துல எல்லாரும் உம்முனு உக்காந்தா மனஸ்தாபம்னு அர்த்தம். சபை சும்மா இருக்கக் கூடாது. யாராவது எதுனா பேசுங்கப்பா!"

அவர் சொன்னதில் தவறில்லை. அந்தப் பக்கத்து வழக்கம் அதுதான். பேச்சு நின்றுவிட்டால் யாரோ எதையோ மனதில் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அதனால் எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு வீட்டாரும் மழை, உரம், வேன் டயர், யார் மகள் யாருக்கு வாக்கப்பட்டாள் என்று இடைவெளி விடாமல் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒரு பெண்மணி விட்டால் இன்னொருவர் பிடித்துக்கொள்வார். கெஞ்சிக் கேட்டுக்கொண்டதன் பேரில் ஒருமுறை எல்லோரும் வாயை மூடியபோதும் பட்டை படுக்கவில்லை. பக்கத்து மில்லில் யாரோ மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு மில்லின் நினைவே வரவில்லை. அணுபுரத்துக் கௌரவத்தைக் காப்பாற்ற ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "சிங்கப்பூர்ல மைக் பழுதாயிருக்கும் போல" என்றேன்.

அவ்வளவுதான். அப்படியென்றால் மாமன் காதுக்கும் எதுவும் எட்டாது என்று தானே முடிவு செய்துகொண்டதும் சபைக்கு நாக்கு தளர்ந்துவிட்டது.

"இந்த மாமன்தான மூத்த பொண்ணு கல்யாணத்துல சாம்பார்ல உப்பு இல்லன்னு பந்தியில எழுந்து நின்னவரு?" என்றார் தணிகாசலம்.

"அத்த ஏன் கேக்கறீங்க சம்பந்தி," என்று ஏழுமலை பெருமூச்சு விட்டார். "அவன் ஊர்ல இல்லாதது ஒரு விதத்துல நல்லதுதான்."

கஸ்தூரி கணவர் பக்கம் திரும்பினார். "யாரு? என் தம்பியா? உம்ம தங்கச்சி புருஷன் போடாத ஆட்டமா? என் தம்பி ஒரு வார்த்த சொல்லாம என் பொண்ணு கழுத்துல ஒரு நூலு ஏறாது, சொல்லிட்டேன்."

அதுவரை ஒரு மூலையில் நின்றிருந்த செல்வி மெல்ல என் அருகில் வந்தாள். அவள் பார்வை சிவப்புப் பட்டையின் மேலேயே இருந்தது.

"சார், இது எகிறினா நம்ம பேச்சு அங்க போவுதுன்னுதான அர்த்தம்?"

"போகும்தான். ஆனா..."

"மாமாவுக்குக் கேக்குமா?"

"கேட்டாலும் கேக்கலாம்மா."

அவள் அம்மாவைக் கவனிக்கும் சாக்கில் மைக்குக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தேவைக்கு மேல் உரத்த குரலில் கேட்டாள்:

"ஏம்மா, இன்னும் ஒரு வருஷம் படிப்பு பாக்கி கீதே, அது இன்னா ஆவும்?"

"அதெல்லாம் எதுக்கும்மா?" என்று கஸ்தூரிக்கு முன்னால் தணிகாசலம் பதில் சொன்னார். "வூட்ல யாருக்கு ஊசி போடப் போற? எங்களுக்கெல்லாம் நல்லா கீது உடம்பு."

அவர் குரலுக்குப் பட்டை உச்சிவரை போயிற்று. செல்வி திருப்தியாகத் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பெண் என்ன செய்தாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

மில் நின்றது

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரண்ட் போயிற்று.

மின்விசிறி நின்றது. மில் பெரிய பெருமூச்சோடு நின்றது. திடீர் இருட்டில் சபையும் ஒரு கணம் வாயடைத்தது. பாய் வைத்திருந்த யுபிஎஸ் புண்ணியத்தில் அந்த ஒரு கம்ப்யூட்டர் மட்டும் உயிரோடு இருந்தது. சிவப்புப் பட்டை சட்டென்று படுத்தது.

சந்தனப் பொட்டு வைத்த திரைக்குப் பக்கத்திலிருந்து ஒரு ஆண்குரல் வந்தது.

"அக்கா... கேக்குதா? நான் வந்து எம்மா நேரம் ஆவுது. எல்லாம் கேட்டுகினுதான் கீறேன்."

ஏழுமலை இருந்த இடத்திலேயே இன்னும் சிறியதாக உட்கார்ந்தார்.

"மச்சான், நான் ஊர்ல இல்லாதது நல்லதுன்னீங்க. அதுவும் கேட்டுச்சு. பெரியவரே, அன்னைக்கு சாம்பார்ல உப்பு இல்லதான். இன்னைக்கும் நான் அத்தத்தான் சொல்வேன். அக்கா, நீ சொன்னதும்..."

"தம்பீ!" என்று கஸ்தூரி கதறிவிட்டார். பட்டை எழுந்தது. குரல் அறுந்தது.

செல்வி பாய்ந்து அம்மாவின் வாயைப் பொத்தினாள். குரல் திரும்பி வந்தது. ஆனால் இப்போது யுபிஎஸ் "கீ... கீ..." என்று கத்தத் தொடங்கியது. ஒவ்வொரு கீயும் மாமன் பேச்சில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு போயிற்று.

"பாய், அதை நிறுத்துங்க!" என்று கிசுகிசுத்தேன்.

"அத்த நிறுத்துனா இதுவும் நின்னுடும் சார்!" என்று பாயும் கிசுகிசுத்தார். தோள் துண்டை எடுத்து அதன்மேல் சுற்றினார், போதவில்லை. பைக்குள் போயிருந்த கதம்ப மாலையைப் பையோடு சேர்த்து அழுத்தினார். கடைசியில் அழுகிற குழந்தையை அடக்குவது போல யுபிஎஸ்ஸை மடியில் போட்டுக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பையன பத்தி விசாரிச்சேன்," என்றது குரல். "குடிக்க மாட்டான், வண்டிய நிதானமா ஓட்டுவான்னாங்க. எனக்கு முழு சம்மதம். ஆனா ஒண்ணு..."

அந்த "ஆனா ஒண்ணு" பாதிப் பேருக்குக் கேட்கவே இல்லை. "சம்மதம்" என்ற சொல்லுக்கே சபை வெடித்துவிட்டது. கைத்தட்டல், சிரிப்பு. ஓர் அம்மாள் குலவையே போட்டார். "இருங்க, மாமா இன்னும் முடிக்கல!" என்று செல்வி கத்தியது அந்த ஆரவாரத்தில் எடுபடவில்லை. பட்டை கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

ஆரவாரம் அடங்குவதற்குள் பாயின் மடியில் இருந்தது கடைசியாக ஒருமுறை முனகிவிட்டு ஓய்ந்தது. திரை அணைந்தது.

கைத்தட்டியது எதற்கு?

யாரோ மெழுகுவத்தி ஏற்றினார்கள். தணிகாசலம் உற்சாகமாகக் கையைத் தேய்த்துக்கொண்டார். "சம்மதம்னுட்டாரு. எல்லாரும் கேட்டாச்சு. தட்ட எடுங்க, தட்ட எடுங்க."

செல்வி தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணுன்னாரே. அது இன்னான்னு தெரியணும்."

"அது சும்மா பேச்சுக்கு சொல்றதும்மா."

"என் மாமா சும்மா பேச்சுக்குப் பேசற ஆளு இல்ல."

கஸ்தூரி மகளைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார். தட்டு நகரவில்லை. யாரும் கேட்டுக்கொள்ளாமலே சபையில் பேச்சு நின்றது. அதற்குத் தணிகாசலம் சொன்ன அதே பொருள்தான் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அப்போது பாய் கடைத் தொலைபேசி அடித்தது. இன்டர்நெட்டும் தொலைபேசியும் அந்த நாளில் ஒரே கம்பியில்தான். கம்ப்யூட்டர் செத்ததால் கம்பிக்கு விடுதலை. பாய் எடுத்தார். கேட்டார். அவர் முகம் மெழுகுவத்தி வெளிச்சத்தில் மெல்ல மாறியது.

"சிங்கப்பூர்தான். 'எல்லாரும் ஒத்துக்கினீங்க, ரொம்ப சந்தோஷம்'ங்கறாரு."

"எத்த ஒத்துக்கினோம்?" என்றார் தணிகாசலம்.

"'பொண்ணு படிப்ப முடிக்கணும். அப்பறம்தான் கல்யாணம். கல்யாணத்துக்கு அப்பாலயும் வேலைக்குப் போவணும்'னு சொன்னாராம். சொல்லி முடிச்சதும் இங்க ஒரே கைத்தட்டலாம். குலவை வேற போட்டீங்களாம். 'என் சொல்லுக்கு இந்த மாதிரி மரியாத யாருமே குடுத்ததில்ல'ன்னு..." பாய் குரலைத் தாழ்த்தினார். "அழுவறாரு சார்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. நாங்கள் தட்டிக்கொண்டிருந்தபோது அவர் பேசிக்கொண்டிருந்தார். எங்களுக்கு அவர் குரல் வரவில்லை, அவருக்கும் எங்கள் குரல் போகவில்லை. அவர் நிபந்தனையைச் சொல்லி முடித்து வாயை மூடிய பிறகுதான் எங்கள் ஆரவாரம் அவர் காதில் போய் விழுந்திருக்கிறது. அதுவும் கடைசிப் பகுதி, குலவையோடு.

"நாங்க தட்டுனது சம்மதத்துக்கு!" என்று தணிகாசலம் எழுந்துவிட்டார். "இந்தக் கண்டிஷன் இங்க எவன் காதுலயும் வுழல. இல்லாத பேச்சுக்கு எப்டி நாங்க ஒத்துக்கினதா ஆவும்?"

செல்வியின் விரல்கள் தட்டின் விளிம்பில் இன்னும் இறுகின. எழுந்து நின்றவர் இனி வாசல் பக்கம் போவாரா, திரும்ப உட்காருவாரா என்று கஸ்தூரி அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வுழுந்துச்சு நைனா."

எல்லோரும் திரும்பினோம். வாசற்படியில் நின்றிருந்த முரளி.

"இன்னாடா வுழுந்துச்சு?"

"கண்டிஷன். மாமா சொன்னாரு. எனக்குக் கேட்டுச்சு. கேட்டுட்டுதான் தட்டுனேன்."

"நாங்கல்லாம் பொட்டி பக்கத்துல கீறோம், எங்களுக்குக் கேக்கல. நீ தெருவுல நின்னுகினு, ஒனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு," என்றான் முரளி. காது மட்டும் சிவந்திருந்தது. செல்வி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

தணிகாசலம் என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க அணுபுரத்துக்காரரு. உள்ளத சொல்லுங்க. இவனுக்குக் கேட்டிருக்குமா?"

சிவப்புப் பட்டை எழுந்திருக்கும்போது அந்த மென்பொருளில் எதிராளியின் குரல் ஒரு எழுத்துகூட உள்ளே வராது. வாசற்படிக்கு என்ன, ஸ்பீக்கருக்குள்ளேயே தலையை விட்டிருந்தாலும் கேட்டிருக்காது. இதை நான் அன்று மாலை அந்தக் கூட்டத்துக்கு விளக்கியும் இருந்தேன். நல்லவேளையாக யாரும் கவனித்திருக்கவில்லை.

"கேட்டிருக்கும்," என்றேன். "சின்ன வயசுக் காது பாருங்க. மெல்லிசா வர்ற சத்தம்கூட விழும். நமக்கெல்லாம் வயசாயிடுச்சு."

தணிகாசலம் மகனைப் பார்த்தார். மகன் நிலைப்படியைப் பார்த்தான். தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே பாய் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தணிகாசலம் சுண்டுவிரலை வலது காதில் விட்டு நிதானமாகக் குடைந்தார். பிறகு உட்கார்ந்தார்.

"எனக்கு இந்தப் பக்கம் கொஞ்ச நாளா மந்தம்தான்," என்றார்.

செல்வி தட்டிலிருந்து கையை எடுத்தாள்.